செய்தி அண்ணாச்சிக்குப் பிறகு

"ஐயா எப்போ தவறினாங்க? எடுக்கிறது எத்தன மணிக்கு?"

ஒரு ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை மாலை, அறிவிப்புகள் முடிந்த கையோடு நம் நிலையத்தின் வாட்ஸாப்புக்கு வந்த செய்தி இது. அனுப்பியவர் பம்பாயின் வடக்கே பாண்டுப்பில் இருக்கும் ஒரு நேயர். அன்றைக்கே டைரியில் எழுதிவைத்துக்கொண்டேன். தேதியும் ஆண்டும் அந்தப் பக்கத்தின் தலையில் இருக்கின்றன. ஆனால் அன்று உண்மையில் இறந்தவருடைய குடும்பத்தார் இன்னும் மாதுங்காவிலேயே இருப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. மாதமும் கிழமையும் போதும்.

பாண்டுப் நேயர் விசாரித்த ஐயா அந்த நேரத்தில் மாதுங்காவில் தம் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நம் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், வாசிப்பாளரை மாற்றினால் நேயர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே ஒலிப்பதிவைக் கவனித்து ஓய்வு பெற்றவன். கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அந்தத் திங்களிலும் மறுநாள் செவ்வாயிலும் நடந்ததை மட்டும் சொல்கிறேன். வரலாற்றுப் புத்தகங்களில் அரசன் மாறிய நாளைத் துல்லியமாகக் குறித்திருப்பார்கள். அன்று கடைவீதியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. எனக்கு எப்போதும் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் ஆசை.

நாம் சமுதாய வானொலி. சட்டப்படி நாம் செய்தி வாசிக்கக் கூடாது. எந்த வார்டில் தண்ணீர் வராது, ஞாயிற்றுக்கிழமை எந்தத் தடத்தில் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக், பள்ளிச் சேர்க்கை, கோயில் விழா, கடைசியில் இறப்பு அறிவிப்பு. இவ்வளவுதான் அனுமதி. நாம் 'அறிவிப்புகள்' என்றுதான் சொல்கிறோம். கேட்கிறவர்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது செய்திதான். அதிலும் கடைசிப் பகுதிக்காகவே பாதிப் பேர் காத்திருப்பார்கள். தாராவியில் ஒருவர் இறந்தால் முலுண்டில் இருக்கும் சொந்தக்காரருக்கும் செம்பூரில் இருக்கும் பழைய கூட்டாளிக்கும் அதன் வழியாகத்தான் தெரியும். பெயர், சொந்த ஊர், இங்கே இருந்த இடம், செய்த வேலை, எடுக்கும் நேரம் என்று வரிசையாகப் படிக்க வேண்டும்.

நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அதைப் படித்தவரை நாங்கள் 'சார்' என்றே அழைத்தோம். மாதுங்கா நேயர்களுக்கு அவர் 'ரேடியோ சார்'. தாராவியில் 'செய்தி அண்ணாச்சி'. அவருடைய பெயர் ஒருநாளும் ஒலிபரப்பில் வந்ததில்லை. அது அவர் போட்ட விதி. ஒருமுறை காரணம் கேட்டேன்.

"பேரைச் சொன்னா பாதிப் பேர் வேற ஸ்டேஷன் தேடுவான். மீதிப் பாதி, நம்மாளுன்னு கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வருவான். எதுக்கு ரெண்டும்?"

பெயரைக் கேட்டதும் எந்த ஊர், எந்த ஆட்கள் என்று கணக்குப் போடும் பழக்கம் நம்மவர்களுக்கு பம்பாய் வந்தும் போகவில்லை. பெயர் தெரியாததால் எல்லோரும் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். முகமும் தெரியாது. படம் எடுக்கவே விட மாட்டார்.

அவர் மேல் நேயர்களுக்கு இருந்த நம்பிக்கை குரலால் மட்டும் வந்ததில்லை. ஒரு மழைநாளில், தாராவியில் ஒரு சந்தில் சுவர் இடிந்து ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன்மேல் போன். வாசிக்கச் சொல்லி எல்லோரும் அவரை நெருக்கினோம். அந்தச் சந்தில் இருக்கும் ஒருவர் வாயால் கேட்காமல் படிக்க மாட்டேன் என்றார். மைக் முன்னால் உட்கார்ந்தபடியே ஒரு மாவு மில்லுக்குப் போன் போட்டார். மில்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: சுவர் இருக்கிறது, அதன்மேல் இரண்டு ஆடுகளும் இருக்கின்றன. சார் போனை வைத்துவிட்டு மெகா பிளாக் அறிவிப்பைப் படித்தார். "படிக்காம விட்டதுதான் என் வேலையில பாதி" என்று பிறகு சொன்னார்.

கண்பார்வை மங்கத் தொடங்கியதும் அவரே விலக முடிவெடுத்தார். விடைபெறும் நிகழ்ச்சி ஒன்று வைக்கலாம் என்றேன். நிலையத்துக்குக் கீழே இருக்கும் டப்ரியில், அதாவது டீப் பெட்டிக்கடையில், அரை கிளாஸ் கட்டிங் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு மறுத்தார்.

"இறப்புச் செய்தி படிச்ச வாயால போயிட்டு வரேன்னு நானே சொன்னா நல்லாவா இருக்கும்? சனிக்கிழமை படிக்கிறேன். திங்கட்கிழமை அந்தப் பொண்ணு படிக்கட்டும். தண்ணி எப்ப வரும்னு சரியாச் சொன்னா யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது."

அத்தனை வருஷம் நேயர்களோடு இருந்தவர் அவர்களைப் பற்றித் தவறாகக் கணித்தது அந்த ஒரு முறைதான்.

அந்தப் பெண் ஜெபா. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் தூத்துக்குடிப் பக்கம். விக்ரோலியில் ஒரு கால் சென்டரில் மாலை ஷிப்டில் இருந்தாள். நம் அறிவிப்பும் மாலையில் என்பதால் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள். தேர்வில் அவளைத் தேர்ந்தெடுத்ததே சார்தான். பேச்சில் ஊர் வாடை இருக்கும். எழுதியதைப் படிக்கும்போது ஒரு எழுத்து பிசகாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும், நாளை முதல் ரேடியோவில் நம் பிள்ளை படிக்கிறாள் என்று சொல்லி எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அவள் படித்ததில் ஒரு பிழையும் இல்லை. அன்று ஒரே ஒரு இறப்பு அறிவிப்பு. மாதுங்காவில் வசித்து வந்த, ஓய்வு பெற்ற ரயில்வே அலுவலர் ஒருவர். பெயரையும் ஊரையும் எடுக்கும் நேரத்தையும் முறைப்படி படித்து முடித்தாள்.

முடித்ததும் போன் அடிக்கத் தொடங்கியது.

முதலில் மாதுங்காவிலிருந்து ஒரு அம்மாள். "பொண்ணு நல்லாத்தான் படிக்கிறா. ஆனா நாளைக்குத் தண்ணி வராதுன்னு அவ சொன்னா எனக்கு நம்பிக்கை வரலையே. அவர் சொன்னாத்தான் நான் பக்கெட்ல பிடிச்சு வைப்பேன்."

அடுத்து செம்பூரிலிருந்து ஒருவர், இந்த மாற்றத்துக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போனில் ஒரு தாராவிக் குரல்: "கனைக்காமலா எழவு சேதி சொல்லுவாவ? என்னய்யா மரியாத இது?"

அதற்குப் பிறகுதான் நான் மேலே எடுத்துக்காட்டிய வாட்ஸாப் செய்தி வந்தது. அதன் பின்னாலேயே கும்பிடும் கை, அழும் முகம், விளக்குப் படம் என்று வரிசையாக வந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் தெரியாத, முகம் தெரியாத, மாதுங்காவில் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்த வயதான மனிதர் ஒருவர். திடீரென்று அவர் குரல் இல்லை. வேறொரு குரல் வந்து, மாதுங்காவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் காலமானார் என்கிறது. கேட்டவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

பதில் போட்டேன். அவர் நலமாக இருக்கிறார், இறந்தவர் வேறு ஒருவர் என்று எழுதினேன். 'புரியுது சார், உங்க துக்கம்' என்று ஒருவர் திருப்பி எழுதினார்.

மறுநாள் காலையில் நிலையத்தின் எண்ணுக்கு ஒரு அழைப்பு. இறந்தவருடைய மகன். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"சார், நீங்க அறிவிப்புப் படிச்சதுக்கு நன்றி. ஆனா இங்க தாராவியிலேருந்து நிறையப் பேர் வந்திருக்காங்க. அப்பாவுக்கு தாராவியில யாரையும் தெரியாது. எல்லாரும் அழறாங்க. எங்களை விட அதிகமா அழறாங்க."

போட்டது போட்டபடி மாதுங்காவுக்கு ஓடினேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கட்டடத்தின் வாசலில் குடைகளும் செருப்புகளுமாக ஒரு கூட்டம். அதன் நடுவில் முருகேசன் நின்றுகொண்டிருந்தார். தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். நிலையத்துக்கு அடிக்கடி போன் செய்து வாதாடுவார் என்பதால் எனக்குப் பழக்கம். கண்கள் சிவந்திருந்தன.

"வாங்க சார். அண்ணாச்சி மொகத்த இன்னைக்குத்தான் பாத்தேன். நான் நெனச்ச மாதிரியேதான் இருக்காவ. என்ன களையான மொகம்!"

அவரைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப உள்ள இருக்கது யாரு?"

"ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர். நேத்து பேரு, ஊரு எல்லாம் படிச்சாங்களே, முருகேசன்."

"எங்க கேட்டுச்சு? பட்டறையில அத்தன மெஷினும் ஓடிக்கிட்டுல்லா இருக்கும். அண்ணாச்சி கனைச்சார்னா நாங்க மெஷின நிறுத்துவோம். அப்பொறம்தான் பேரு சொல்லுவாரு. நேத்து இந்தப் புள்ள கனைக்கல, ஒண்ணுமில்ல. ஏதோ பொம்பளக் குரல் கேக்குதேன்னு நிறுத்திட்டுக் கேட்டா, மாதுங்கா, ரிட்டயர், காலமானார். எங்களுக்கு வேற என்ன தோணும், சொல்லுங்க. காலையில மாதுங்கா வந்து எழவு வீடு எதுன்னு விசாரிச்சு வந்துட்டோம்."

எனக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருஷம் ஒலிப்பதிவு அறையில் இருந்தும், சார் இறப்பு அறிவிப்புக்கு முன்னால் கனைப்பதை நான் கவனித்ததே இல்லை. கவனித்திருந்தால் அதை ஒரு இடைஞ்சல் என்று வெட்டியிருப்பேன். அங்கே பட்டறைகளில் அது ஒரு மணி போல வேலை செய்திருக்கிறது.

முருகேசன் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் கொண்டுவந்த மாலை ஏற்கெனவே இறந்தவர் மேல் இருந்தது. மகனும் இன்னும் ஓரிரு உறவினர்களும் மட்டும்தான் வீட்டு மனிதர்கள்.

"தோள் கொடுக்க ஆளு பத்தாது போலயே" என்றார் முருகேசன். "மாலையப் போட்டுட்டு, ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டுப் போக முடியுமா? இருந்து அனுப்பிட்டே போறோம். ஏலே, அந்தக் குடைய மடக்கிட்டு இங்க வா."

அப்படியே இருந்தார்கள். மயானம் வரைக்கும் போனார்கள் என்று பிறகு அந்த மகன் சொன்னார். ஆனால் கிளம்பும் முன் முருகேசன் என்னைச் சும்மா விடவில்லை.

"நீங்க சொல்லுதது சரி. ஆனா நம்ப மாட்டேன். ஆபீஸ்காரங்க நாலையும் மறைப்பீய. அண்ணாச்சி உசுரோட இருந்தா ஏன் ஒரு வார்த்த சொல்லாமப் போனாரு?"

"வாங்க, வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு தெரு தள்ளித்தான்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய? எங்க தெருவே துக்கத்துல இருக்கு. பாண்டுப்ல எம் மச்சினன் லீவு போட்டுட்டான். ரேடியோல வரட்டும். இன்னைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி சத்தம் கேட்டா சரி. இல்லன்னா அவரத் தொரத்திட்டு அந்த நாற்காலியில அந்தப் புள்ளைய ஒக்கார வச்சிட்டியன்னுதான் நாங்க எடுத்துக்கிடுவோம். அதுவும் எங்க தெருப் புள்ள!"

அங்கிருந்து சார் வீட்டுக்குப் போனேன். பனியன் போட்டுக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"நேத்தே முலுண்ட்லேருந்து என் தங்கச்சி அழுதுகிட்டே போன் பண்ணினா. பக்கத்து வீட்ல சொன்னாங்களாம். ‘அக்கா, மனசத் தேத்திக்கோ’ங்கிறா. நான் அப்ப இவருக்கு ரெண்டாவது தோசை வார்த்துக்கிட்டிருந்தேன்."

சார் சிரிக்கவில்லை. நடந்ததை முழுவதும் கேட்டார். மாலை போட்ட கதை வந்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

"சார், நீங்க வந்து ஒரே ஒரு வரி சொன்னாப் போதும்."

"நான் ஒரு வரி பேசினா, அவ ஒரு வருஷம் பேசினாலும் எடுபடாது. நாளைக்கும் ஒரு வரி கேப்பாங்க. நாளன்னைக்கும் கேப்பாங்க."

"அப்ப உங்க பேரைச் சொல்லி நலமா இருக்கார்னு அவளே படிக்கட்டும்."

"பேரைச் சொன்னா எவனுக்குத் தெரியும் அது நான்தான்னு? தெரியாத பேரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அதுவும் இத்தனை நாள் சொல்லாம வச்சிருந்ததைப் போகிற நேரத்துல சொல்லி, இவன் நம்மாளு, நம்மாளு இல்லைன்னு அவங்களைப் பிரிச்சு விடவா?"

அவர் சொன்ன இரண்டும் சரி. இரண்டும் சரியாக இருந்ததுதான் சிக்கல்.

செம்பூரில் இருக்கும் நிலையத்துக்குத் திரும்பியபோது அதை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் வந்து உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அவருக்கும் காலையிலிருந்து போன். "பேசவும் மாட்டார், பேரும் சொல்லக் கூடாது. போட்டோ போடலாம்னா மூஞ்சி யாருக்கும் தெரியாது. அப்புறம் எப்படி ஐயா ஒரு மனுஷன் உயிரோட இருக்கான்னு சொல்றது?" என்று என்னிடம் கத்தினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னிக்கு அவரையே படிக்கச் சொல்லுங்க. எப்படியாவது கூட்டிட்டு வாங்க. அந்தப் பொண்ணு கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அலுவலகங்களில் 'அப்புறம்' என்றால் என்ன என்பது உங்களுக்கு இனிமேல்தான் தெரியவரும். ஜெபாவுக்குக் கால் சென்டரிலேயே தெரிந்திருந்தது. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பழைய வேலையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. தெருவில் யாரும் காலையிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சார், நேத்து நான் படிச்சதுல என்ன தப்பு?" என்று செயலாளரிடம் நேராகவே கேட்டாள்.

"தப்புன்னு யாரு சொன்னா? பப்ளிக் மூட் அப்படி இருக்கு."

"தப்பு இல்லன்னா நான்தான் இன்னைக்கும் படிப்பேன். இன்னைக்கு நான் எந்திரிச்சுப் போனா, நேத்து நான்தான் அவுகள சாகடிச்சேன்னு ஆயிரும்லா?"

நான் முருகேசன் சொன்ன மெஷின் கதையைச் சொன்னேன். ஜெபா அதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பாவும் பட்டறை வேலைதான். "ஆமா, எங்க வீட்லயும் டிவிய அப்பத்தான் அமத்துவாங்க" என்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சார், அவுக பேச வேண்டாம். பேரும் வேண்டாம். எம் பக்கத்துல ஒக்காந்து கனைச்சாப் போதும். நான் படிச்சிருதேன்."

செயலாளர், பழைய பதிவில் இருந்து ஒரு கனைப்பை வெட்டி ஒட்டிவிடலாமே, இதற்கு எதற்கு மனிதர் என்றார். ஜெபா மறுத்தாள். "செத்தவங்க கனைப்பையும் அப்படிப் போடலாம்லா சார்? கண்டுபிடிச்சாங்கன்னா அதுக்கப்பொறம் தண்ணி வருதுன்னாகூட நம்ப மாட்டாங்க."

சாருக்குப் போன் போட்டேன். யோசனையைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எப்பக் கனைச்சேன்? மைக் முன்னாடி கனைக்கிறதா? என்ன பேச்சு இது!"

பழைய பதிவு ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்தேன். மெகா பிளாக் முடிந்தது. ஒரு கனைப்பு. பிறகு, இறப்பு அறிவிப்பு. இன்னொரு நாள் பதிவு. அதிலும் அதே கனைப்பு.

"இது நானா?" என்றார். "இத்தனை வருஷம் ஒருத்தர்கூடச் சொல்லலையே."

மாலையில் வந்தார். ஜெபாவுக்கு அருகில் ஒரு நாற்காலி போட்டோம். ஒத்திகை பார்த்தோம். அதுதான் பெரிய கூத்து. தானாக வருவதை வேண்டுமென்று செய்யச் சொன்னால் எப்படி வரும்? ஒருமுறை, சம்பந்தி வீட்டுக்குள் நுழையும் மாமனார் மாதிரி பெரிதாகக் கனைத்தார். இன்னொரு முறை இருமலாகிவிட்டது. ஜெபாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்தது. செயலாளருக்கு மட்டும் வரவில்லை. சரியாக வராவிட்டால் உடனே ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சாரையே மைக்கில் பேச வைத்துவிட வேண்டும் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். நானும் சம்மதித்தேன்.

நேரம் வந்தது. ஜெபா தண்ணீர் அறிவிப்பைப் படித்தாள். மெகா பிளாக்கைப் படித்தாள். பிறகு நான் எழுதிக் கொடுத்தது: "இதுவரை அறிவிப்புகளை வாசித்து வந்தவர் ஓய்வு பெற்றுள்ளார். நலமாக இருக்கிறார். நேற்று மாதுங்காவில் காலமானவர் வேறொரு பெரியவர். அவருடைய குடும்பத்தாருக்கு நம் அனுதாபங்கள்." அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினாள். அன்றைய இறப்பு அறிவிப்பு, தாராவியில் ஒரு மூதாட்டி.

நிறுத்தினாள். சார் பக்கம் பார்த்தாள்.

சார் கனைக்கவில்லை. அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் முன்னால் இருந்த தாளை, மங்கலான கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

வானொலியில் மௌனம் எவ்வளவு நீளம் என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் செயலாளர், பாட்டைப் போடு என்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். என் விரல் பாட்டுப் பொத்தான்மேல் இருந்தது. நான் அழுத்தியிருப்பேன். ஜெபா என் பக்கம் திரும்பாமலேயே இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினாள். பொறு என்பதுபோல. சாரையும் அவள் அவசரப்படுத்தவில்லை. கண்ணால்கூடச் சைகை காட்டவில்லை. தாளில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்வது அன்றோடு முடிந்துவிடலாம் என்று எங்களில் யாரைவிடவும் அவளுக்குத் தெரியும்.

வந்தது. சின்னதாக, வறண்டு, பழைய பதிவில் இருந்தது போலவே.

ஜெபா படிக்கத் தொடங்கினாள். பெயர், ஊர், இருந்த இடம், எடுக்கும் நேரம். கடைசி வரி வரைக்கும் குரல் நடுங்கவில்லை.

முதல் போன் முருகேசனுடையது. பின்னால் பலர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது.

"கேட்டுட்டோம் சார்! அவரேதான்! மெஷின எல்லாம் நிறுத்திட்டு நின்னோம். எங்க ஆளுவ விசிலடிக்கானுவோ, எழவு சேதியில விசிலடிக்காதியலேன்னு திட்டிக்கிட்டு இருக்கேன்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்தப் புள்ள அவருக்காவ நின்னு படிச்சுது பாத்தியளா? மரியாத தெரிஞ்ச புள்ள. அதுவே படிக்கட்டும். அண்ணாச்சிய மட்டும் தெனமும் வந்து கனைச்சிட்டுப் போவச் சொல்லுங்க."

சார் மறுநாள் வரவில்லை. அதன் பிறகும் வந்ததில்லை. ஜெபாவும் கனைக்கத் தொடங்கவில்லை. அது அவருடையது என்பாள். அதற்குப் பதிலாக, இறப்பு அறிவிப்புக்கு முன்னால் அன்றைக்குக் காத்திருந்தது போலவே கொஞ்சம் காத்திருக்கிறாள். ரேடியோ சத்தம் திடீரென்று நின்றால் பட்டறைகளில் மெஷினை நிறுத்திவிடுகிறார்கள். உங்களில் ஒருவர் அந்த இடைவெளியைத் தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ணி, கம்ப்யூட்டர் தானாக வெட்டும்படி அமைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புகார்கள் அந்த மழைக்காலம் முழுவதும் வந்தன. மாதுங்கா அம்மாள் தீபாவளி வரைக்கும், ஜெபா என்ன சொன்னாலும் முனிசிபாலிட்டிக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டுதான் பக்கெட்டை எடுத்தார். செயலாளர் 'அப்புறம்' என்று தள்ளிவைத்த பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை. நேயர்கள் ஒரு புதிய குரலைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பல, போன குரலைப் பற்றிய விசாரிப்புகள்தான். அதைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி, என்னால் தீர்க்க முடியாத ஒன்று.

அந்தக் கனைப்பு தானாக வந்தது என்று ஜெபா சொல்கிறாள். தாளில் இறந்தவர் பெயரைப் பார்த்ததும் பழக்கத்தில் வந்துவிட்டது. தான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தனக்குத் தெரியும் என்கிறாள். சில வாரங்கள் கழித்துச் சார் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி வேறு மாதிரி சொன்னார். அன்று மத்தியானம் என் போன் வந்த பிறகு அவர் பால்கனியில் நின்று கனைத்துக் கனைத்துப் பார்த்தாராம். "முதல்ல கண்றாவியா இருந்தது. கடைசியில அச்சு அசலா வந்துடுச்சு. நான் நிஜமாவே ஏதோ சொல்ல வர்றார்னு உள்ளேருந்து எட்டிப் பார்த்தேன்" என்றார். அப்படியானால் ஒத்திகையில் அவர் சரியாகக் கனைக்காததும், மைக் முன்னால் அவ்வளவு நேரம் அவளைக் காக்க வைத்ததும் என்ன?

சாரிடமே கேட்டேன். "அவ காத்திருந்தாளா இல்லையா? அதை எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அன்றைய பதிவு நிலையத்தில் இல்லை. வழக்கம்போல அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிவாகிவிட்டது. இருந்தாலும் அது இதைச் சொல்லியிருக்காது. கனைப்பு தானாக வந்ததா, அவர் அதுவரை பிடித்துவைத்திருந்தாரா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.